ஊர் மாறுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு: காற்று, காசு, நேரம்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. ஒண்ணு குருகிராம், ஒண்ணு பெங்களூர். எதுக்குப் போறது?" சென்னையில் பெருங்குடியில் வேலை, மேடவாக்கத்தில் வாடகை வீடு, மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை, கூடவே என் அக்கா. குழந்தைக்குக் குளிர் ஆரம்பித்தால் வீசிங் வந்துவிடும். இப்போது கைக்கு வருவது மாதம் 1,10,000. குருகிராமில் 1,55,000, பெங்களூரில் 1,38,000. இணையத்தில் ஊர்களை ஒப்பிட்டுக் காட்டும் பக்கங்களை எல்லாம் படித்துவிட்டு, முன்னை விட அதிகமாகக் குழம்பிப் போயிருந்தான்.

நான் பெங்களூரில் மூன்று வருடமும் பிறகு குருகிராமில் நாலு வருடமும் குடும்பத்தோடு இருந்தவன். இரண்டு முறையும் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனேன், இரண்டு முறையும் அது தப்பு என்று போன பிறகுதான் தெரிந்தது. அதனால் அவனோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒரு நோட்டில் மூன்று ஊருக்கும் பத்தி பிரித்துக் கணக்குப் போட்டோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரை மாற்றிக்கொண்டால் உங்களுக்கும் ஆகும்.

ஆரம்பிக்கும்போதே இரண்டு விஷயத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். ஊரோடு ஊரை ஒப்பிடாதீர்கள், விலாசத்தோடு விலாசத்தை ஒப்பிடுங்கள். மணலியும் பெசன்ட் நகரும் சென்னைதான், ஆனால் இரண்டு இடத்திலும் விடுகிற மூச்சு ஒன்றில்லை. அப்புறம், வருடச் சராசரியை நம்பி முடிவு எடுக்காதீர்கள், அந்த இடத்தின் மோசமான மாதத்தைப் பாருங்கள். ஏனென்றால் அந்த மாதத்தையும் நீங்கள் அங்கேதான் கழிக்க வேண்டும்.

காற்று

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஒரு ஆப் 100 என்கிறது, இன்னொரு ஆப் அதே இடத்துக்கு 154 என்கிறது. இரண்டில் எது பொய் என்று அக்கா மகன் கேட்டான். இரண்டுமே பொய் இல்லை, அளவுகோல்தான் வேறு வேறு. நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டில் 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் 500 வரை கடுமை. பி.எம். 2.5 என்கிற நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் இந்தியக் குறியீடு 100 என்று காட்டி 'திருப்தி' என்று சொல்லும். அதே 60 மைக்ரோகிராமுக்கு அமெரிக்கக் குறியீடு 154 அளவில் காட்டி 'உடல்நலத்துக்குக் கேடு' என்று சொல்லும். வெளிநாட்டு ஆப்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கணக்கைத்தான் காட்டுகின்றன. போதாததற்கு இந்தியக் குறியீடு நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுக்கிறது, சில ஆப்கள் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் காட்டும். இந்தியக் குறியீடு 500-ல் நின்றுவிடும், மற்றது அதைத் தாண்டியும் போகும்.

எனவே குறியீட்டு எண்ணை விட்டுவிடுங்கள். எந்த ஆப் ஆனாலும் உள்ளே போனால் பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று இருக்கும், அதை மட்டும் எடுத்து எழுதுங்கள். அதற்கு உரைகல் இரண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு வருடச் சராசரி 5, ஒரு நாளுக்கு 15. நம் நாட்டு வரம்பு வருடத்துக்கு 40, நாளுக்கு 60. நம் பெருநகரங்கள் எதுவும் அந்த 5-க்குப் பக்கத்தில் கூட இல்லை, அதை எதிர்பார்த்து ஊர் தேட முடியாது. சென்னையும் பெங்களூரும் சமீப வருடங்களில் சுமார் 30 என்ற அளவில் இருக்கின்றன, டெல்லி 100-ஐ ஒட்டி நிற்கிறது. குருகிராம் காகிதத்தில் ஹரியானா, காற்றில் டெல்லிதான்.

இந்த 100 என்பதும் ஏமாற்றும் எண். ஜூலை, ஆகஸ்டில் மழை பெய்து கழுவிவிடுவதால் குருகிராமில் வானம் நீலமாகத்தான் இருக்கும், நான் வீடு பார்க்கப் போனதும் ஆகஸ்டில்தான். அக்டோபர் நடுவில் காற்று ஓய்ந்து, தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துப்போய், மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டது போல் உட்கார்ந்துவிடும். வண்டிப் புகை, கட்டுமானத் தூசி, குளிர்காயக் கொளுத்தும் குப்பை, பஞ்சாப் ஹரியானா வயல்களில் எரிக்கும் நெல் தாள், எல்லாம் அந்த மூடிக்குக் கீழேயே சுற்றும். சென்னைக்குக் கடல் இருக்கிறது, மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வந்தால் ஓரளவு துடைத்துவிடும், அவர்களுக்கு அந்த வசதி இல்லை. போகி காலையில் சென்னையிலும் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை நிற்கும், தீபாவளி இரவும் அப்படித்தான். ஆனால் இங்கே இரண்டு மூன்று நாள், அங்கே மூன்று மாதம்.

மூன்று மாதம் என்று சொன்னால் சிலருக்கு உறைக்காது. நவம்பரில் என் மனைவி பால்கனி ஜன்னல் கட்டையைக் காலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாலையில் அதே துணியை அலசித் திரும்பவும் துடைப்பாள், வாளித் தண்ணீர் கறுப்பாகிவிடும். படுக்கையறையில் வைத்திருந்த காற்றுச் சுத்திகரிப்பானின் ஃபில்டரை மூன்று மாதம் கழித்து வெளியே எடுத்தேன். வெள்ளையாக வாங்கியது, அடுப்படிக் கரித்துணி மாதிரி இருந்தது. அது ஃபில்டரில் நின்றது, மீதி எங்கே போனது என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு நாள் முழுக்க 22 மைக்ரோகிராம் காற்றில் இருப்பது ஒரு சிகரெட் குடிப்பதற்குச் சமம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அப்படிப் பார்த்தால் 220 காட்டுகிற ஒரு நவம்பர் நாள் பத்து சிகரெட், நாலு வயதுக் குழந்தைக்கும் சேர்த்து.

சரி, எப்படிப் பார்ப்பது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் ஒவ்வொரு அளவீட்டு நிலையத்தின் பழைய எண்களும் நாள்வாரியாகக் கிடைக்கும், வாரியத்தின் சமீர் ஆப்பில் இன்றைய நிலவரம் கிடைக்கும். நீங்கள் குடியிருக்கப் போகும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். போன வருடத்தின் 365 நாளையும் இறக்கி, எக்செல்லில் போட்டு, மாதவாரியாக இரண்டே கேள்வி கேளுங்கள்: 60-க்கு மேல் போன நாள் எத்தனை, 120-க்கு மேல் போன நாள் எத்தனை. சராசரி சொல்லாததை இந்த இரண்டு எண் சொல்லிவிடும். காலியாக இருக்கும் நாட்களையும் எண்ணுங்கள், நிலையம் பழுதாகி நின்ற நாட்களை நல்ல காற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்து நிலையம் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அந்த எண்ணுக்குப் பாதி மரியாதைதான் கொடுக்க வேண்டும். ஆன்லைனில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கும் சிறிய கருவியோடு போய் அளக்கிறீர்கள் என்றால், ஈரப்பதம் அதிகமுள்ள விடியற்காலையில் அது கூட்டிக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். மதியமும் இரவு ஒன்பது மணிக்கும் அளந்து பாருங்கள்.

அதோடு நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பஸ் டிப்போ, ஜெனரேட்டர் ஓடும் மால், சிமென்ட் கலவை ஆலை, குப்பைக் கிடங்கு எவ்வளவு தூரத்தில்? பெருங்குடி, கொடுங்கையூர் கிடங்குகள் தீப்பிடித்துப் புகைந்த நாட்களில் பக்கத்துத் தெருக்களில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்து மருந்துக் கடையில் நெபுலைசரும் இன்ஹேலரும் எந்த மாதத்தில் அதிகம் விற்கிறது என்று கேட்கலாம், யாரும் தயங்காமல் சொல்வார்கள். வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் பாருங்கள். ஊர்க் காற்று நன்றாக இருந்தும் கொசுவத்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றி வைத்தால் பலன் இல்லை, ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் எடையில் கிட்டத்தட்ட நூறு சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். வலை அடித்துக்கொள்ளுங்கள்.

காசு

செலவை ஒப்பிடும் தளங்களில் பெரும்பாலானவை பயனர்களே போட்ட விலையை வைத்து ஓடுபவை. நம்பியோ (Numbeo) போன்ற தளங்கள் நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அளக்கின்றன. அதில் ஒரு ஊர் 24, இன்னொன்று 22 என்று பார்த்து உங்கள் வீட்டு மளிகைக்கு என்ன தெரியப் போகிறது? அரிசி, பருப்பு, எண்ணெய், போன் பில் எல்லாம் எங்கே போனாலும் ஏறக்குறைய அதேதான். அதனால் மாறாத செலவை எழுதவே எழுதாதீர்கள். மாறும் செலவை மட்டும், இப்போது இருக்கும் ஊரோடு ஒப்பிட்டு எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று எழுதினால் போதும், ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

எங்கள் நோட்டில் வந்தது இது. குருகிராமில் சம்பளம் 45,000 கூடுகிறது. மேடவாக்கத்தில் வாடகையும் பராமரிப்பும் சேர்த்து 24,500. அவன் பார்த்து வைத்திருந்த குருகிராம் வீட்டுக்கு 43,000. அங்கேயே 18,500 போயிற்று. குழந்தையின் பள்ளி 7,000-லிருந்து 14,000. வருடத்துக்கு இரண்டு முறை நாலு பேரும் ஊருக்கு வந்து போக விமானம், ஆளுக்குப் போக வர 13,000 வைத்தாலும் மாதத்துக்கு 8,700 சொச்சம். ரயிலில் வரலாமே என்றான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் 33 மணி நேரம் போகும், என் அக்காவின் முட்டிக்கு அது ஆகாது. இரண்டு காற்றுச் சுத்திகரிப்பான், வருடா வருடம் மாற்றும் ஃபில்டர், எல்லாம் பிரித்துப் போட்டால் மாதம் 1,000. கீசர், ஹீட்டர், கம்பளி என்று குளிர்காலச் செலவு இன்னொரு 1,000. கூட்டினால் 36,200. 45,000 கூடுதல் என்று பார்த்தது 8,800 ஆகி நின்றது.

பெங்களூரில் சம்பளம் 28,000 கூடுகிறது. வாடகையில் 16,000, பள்ளியில் 5,000, ஊருக்கு வந்து போக 2,000, டேங்கர் தண்ணீருக்குக் குடியிருப்பில் பிரிக்கும் பங்கு 1,000. ஏ.சி. ஓடாததால் கரண்ட் பில்லில் 1,500 மிச்சம். நிகரச் செலவு 22,500, கையில் நிற்பது 5,500.

இந்தக் கணக்கில் எல்லோரும் மறப்பது அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பெங்களூரில் ஐந்து மாதம், ஆறு மாதம், சில இடங்களில் பத்து மாதம் கூட இன்னும் கேட்கிறார்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வது அங்கே வழக்கம். எனக்கு ஒரு மாதம் என்று வாய்ப்பேச்சில் சொல்லிவிட்டு இரண்டு மாதத்தைப் பிடித்தார்கள், எழுத்தில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீங்கள் எழுதி வாங்குங்கள். குடி வைக்க லாரி, முன்பணம், இரண்டு ஊரிலும் ஒரு மாதம் இரட்டை வாடகை, இந்த மொத்தத் தொகையை மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். எத்தனை மாதம் கழித்துத்தான் உங்களுக்கு ஒரு ரூபாய் லாபம் ஆரம்பிக்கும் என்று தெரியும். தொழில் வரி போன்றவற்றுக்குத் தலையைக் குடைய வேண்டாம், அது வருடத்துக்கு 2,500-ஐத் தாண்டாது.

நேரம்

காசுக்கு அடுத்து இதை எழுதாவிட்டால் கணக்கு பாதிதான். அவன் இப்போது பைக்கில் ஒரு வழிக்கு 25 நிமிடம் போகிறான். பெங்களூரில் பார்த்த வீட்டிலிருந்து அலுவலகம் 9 கிலோமீட்டர், மாரத்தஹள்ளி வழியாக. போக்குவரத்து நெரிசலை அளக்கும் டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்குப்படி பெங்களூரில் 10 கிலோமீட்டர் ஓட்டச் சராசரியாக 34 நிமிடம், அது ஊர் முழுவதற்கும் நாள் முழுவதற்கும் சேர்த்து. காலை ஒன்பது மணிக்கு வெளிவட்டச் சாலையில் 50 நிமிடம் வைத்தோம். மேப்பில் போகும் நேரத்தைச் செவ்வாய்க்கிழமை காலை 9-க்கும் மாலை 6.30-க்கும் வைத்துப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் உட்கார்ந்து பார்க்காதீர்கள்.

ஒரு நாளைக்கு 50 நிமிடம் கூடுதல், 22 வேலை நாளுக்கு 18 மணி நேரம். மிஞ்சும் 5,500-ஐ 18-ஆல் வகுத்தால் மணிக்கு 300 ரூபாய். இப்போதைய சம்பளத்தில் அவனுடைய ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 550 வருகிறது. அதாவது தன் நேரத்தை ஏறக்குறைய பாதி விலைக்கு விற்கப் போகிறான், அதுவும் குழந்தை தூங்குவதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டிய நேரத்தை. குருகிராமில் வீடு அலுவலகத்துக்குப் பக்கம் என்பதால் மாதம் ஏழு மணி நேரம் மிச்சமாகும். ஆனால் காற்று கடுமை என்ற நிலைக்குப் போனால் கிராப் (GRAP) என்கிற காற்று மாசுக் கட்டுப்பாடுகள் வந்து சின்னக் குழந்தைகளுக்குப் பள்ளியை ஆன்லைனுக்கு மாற்றுவார்கள். அந்த நாட்களில் யார் லீவு போடுவது என்பதையும் நோட்டில் எழுதச் சொன்னேன்.

வாழ்க்கைத் தரம்

தரவரிசைகளைப் பார்க்கலாம், ஆனால் எதை எவ்வளவு எடை போட்டார்கள் என்று பார்த்துவிட்டுப் பாருங்கள். மத்திய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட வாழ்வதற்கு எளிமையான நகரங்கள் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 49 நகரங்களில் பெங்களூர் முதலிடம், புனே இரண்டு, சென்னை நாலு, கோவை ஏழு, டெல்லி 13. அதில் மக்களிடம் கேட்ட கருத்துக்கு மட்டும் 30 சதவீத எடை, பொருளாதாரத்துக்கு 15 சதவீதம். வீசிங் வரும் குழந்தைக்கு அதில் தனியாக எந்த எடையும் இல்லை. அதனால் உங்கள் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் நூறு மதிப்பெண்ணைத் தங்களுக்கு வேண்டியபடி பிரித்து எழுதட்டும். என் அக்கா எழுதியதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அசந்துபோனோம். கோயில், கடைவீதி என்று எதிர்பார்த்தோம். "ராத்திரி ரெண்டு மணிக்குப் பாப்பாவுக்கு மூச்சு வாங்கினா, நான் பேசுற பாஷை புரியற ஆஸ்பத்திரி" என்பதற்கு நாற்பது போட்டிருந்தாள்.

மொழி விஷயம் முதியவர்களுக்குப் பெரியது. டெல்லிக்கே போவதானாலும் மயூர் விஹார், ஆர்.கே.புரம், முனிர்கா பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய, மலை மந்திர் முருகன் கோயில் இருக்கிறது, டெல்லித் தமிழ்க் கல்விக் கழகம் பள்ளிகள் நடத்துகிறது. ஆனால் அங்கே வீடு எடுத்தால் குருகிராமுக்கு அலைய வேண்டும், மிச்சமான ஏழு மணி நேரம் போய்விடும். பெங்களூரில் காய்கறி வண்டிக்காரரிடம் கூடத் தமிழில் பேசிச் சமாளித்துவிடலாம், அப்படியே கொஞ்சம் கன்னடம் கற்றுக்கொள்வதும் மரியாதை.

தண்ணீருக்கு இரண்டு பக்கம் உண்டு, இல்லாமல் போவதும் வீட்டுக்குள் வருவதும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே ஊர் மூழ்கியது. பெங்களூரில் 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றின, 2022 செப்டம்பரில் ஏமலூர் பக்கம் ஆட்களை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டால் "இங்கே தண்ணியே நிற்காது" என்பார். தெருமுனையில் இஸ்திரி போடுபவரைக் கேளுங்கள், வண்டியை அந்த நாளில் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று. மேடவாக்கத்தில் அவன் வீடு எடுக்கும்போது நான் கூடப் போயிருந்தேன். முன்பக்கம் புது பெயின்ட். பின்பக்கம் மோட்டார் அறைச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே கேட் கம்பி முழுக்கத் துரு. அதைப் பார்த்துத்தான் அந்தத் தரைத்தளத்தை விட்டுவிட்டு இரண்டாம் மாடி எடுத்தோம்.

கடைசியாக, ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள். ஓட்டலில் தங்கி மால் சுற்றுவது இதில் சேராது. பார்த்து வைத்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட், திங்கள் முதல் வெள்ளி வரை, அலுவலக நேரத்துக்கு அதே வழியில் போய் வருவது, மாலையில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நடைபாதையில் பால் வாங்கப் போவது. முடிந்தால் மோசமான மாதத்தில்.

அக்கா மகன் குருகிராமை அன்றைக்கே அடித்துவிட்டான், 60-க்கு மேல் போன நாட்களை எண்ணியபோது நவம்பர், டிசம்பர், ஜனவரி பத்திகளைப் பார்த்து அவன் மனைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பெங்களூர்க்காரர்களிடம் சம்பளத்தைக் கூட்டிக் கேட்காமல், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் அலுவலகம் வருகிறேன் என்று கேட்கச் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். மாதம் ஒன்பது நாள் அலைச்சல் என்றால் இப்போது சென்னையில் செலவழிக்கும் நேரத்தை விட மூன்று மணி நேரம் குறைகிறது, 5,500 அப்படியே நிற்கிறது. அக்கா கேட்ட ஆஸ்பத்திரியும் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது, இரவு நேரத்தில் போன் போட்டுத் தமிழில் பேசிப் பார்த்துவிட்டாள். வீடு பார்க்க ஏப்ரலில் போகிறார்கள். எந்தக் குடியிருப்பின் போர்வெல்லில் தண்ணீர் நிற்கிறது என்று அந்த மாதம்தான் காட்டும்.